சி பிளாக்கின் விசில்

சீசனின் முதல் ஆட்டத்திலேயே எதிரே இருந்த முகங்கள் தொங்கின.

கோல். நமக்கு எதிராக.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது? வாயிலிருந்த விசிலை இன்னும் பலமாக ஊதினாள்.

மைதானத்துக்கு முதுகு, சி பிளாக் ரசிகர்களுக்கு முகம். வடசென்னை அணிக்குக் கோஷம் போட வைக்கிறவள் அப்படித்தான் நிற்க வேண்டும். அவளும் பந்தைப் பார்க்க ஆரம்பித்தால் கூட்டம் வாயைத் திறக்காது.

அது அவளுக்குப் புதிதும் இல்லை. பஸ் கண்டக்டர். அங்கேயும் சாலைக்கு முதுகுதான், பயணிகளுக்குத்தான் முகம். விசில்கூட அதே விசில்.

இந்த சீசனில் அவள் ஒரு கோலைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாம் முகங்களில் படித்ததுதான்.

நம்ம கோல் என்றால் முதலில் எழுந்து நிற்பார்கள். சத்தம் அப்புறம்தான் வரும்.

அவர்கள் கோல் என்றால் முகம் தொங்கும். யாராவது ஒருவர் செல்போனை எடுப்பார்.

செல்போனைத்தான் அதிகம் பார்த்தாள்.

சொந்த மைதானத்தில் எட்டு ஆட்டம் முடிந்திருந்தது. ஆறு தோல்வி, இரண்டு டிரா. வெற்றி என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்று, பேருக்காவது ஒன்று, கிடையாது.

ஒவ்வொன்றுக்கும் கூட வேலை பார்க்கும் கௌசல்யாவின் காலில் விழாத குறையாக டூட்டி மாற்றிக்கொண்டு ஓடி வந்தாள். தொண்டை கட்டி, மறுநாள் டிக்கெட் கேட்கக் குரல் வராமல் கையை மட்டும் நீட்டினாள். பஸ்ஸில் ஒரு அம்மா பாவப்பட்டு விக்ஸ் மிட்டாய் கொடுத்தார்.



கோச் மேல் கோபம். கோல்கீப்பர் மேல் கோபம். வராமல் போனவர்கள் மேல்தான் எல்லாவற்றையும்விட அதிகம்.

முதல் ஆட்டத்துக்கு இருநூறு பேர் வந்தார்கள். ஐந்தாவதற்கு நாற்பது. எட்டாவதற்கு, ட்ரம் அடிக்கும் ஜோதியோடு சேர்த்து, ஆறு. ஜெயித்தால் கூப்பிடு அக்கா, வருகிறோம் என்று சொல்லிவிட்டு ஜோதி ட்ரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஜெயித்த பிறகு நீ எதற்கடா?

இன்று கடைசி ஆட்டம். ஜெயித்தால் அடுத்த வருஷமும் இந்த லீக்கில் இருக்கலாம். டிரா ஆனால்கூடக் கீழ் லீக்குக்கு இறங்கிவிட வேண்டியதுதான்.

சி பிளாக்கில் ஒருத்தரும் இல்லை.

வரிசை வரிசையாக நீல நாற்காலிகள். நான்கு மணி வெயில்.

பழக்க தோஷம், முதுகைக் காட்டியே நின்றாள். விசில் ஊதினாள். ஒற்றை ஆளாகக் கைதட்டினாள். பின்னால் பந்து உதைபடும் சத்தமும் யாரோ யாரையோ திட்டும் சத்தமும் கேட்டன. நாற்காலிகளின் முகத்தில் எதைப் படிப்பது?

எண்பதாவது நிமிஷம்.

திரும்பினாள்.

பலகையில் பூஜ்யம், பூஜ்யம். அவ்வளவு தூரம் என்று நினைத்திருந்த கோல் கம்பம் இவ்வளவு பக்கத்தில் இருந்தது. இத்தனை பக்கத்தில் நின்றுகொண்டா இத்தனை கோல் வாங்கினீர்கள்?

பந்து கோட்டைத் தாண்டி வேலியோரம் உருண்டு வந்தது. எடுக்க ஓடி வந்தான் நம்ம அணியின் மூன்றாம் நம்பர் சட்டைக்காரன். முழங்காலில் ரத்தம்.

சீசன் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த வசவு அத்தனையும் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

பந்தைக் கையில் எடுத்தவன், எறியாமல் அவளையே பார்த்தான்.

"எக்கா, நீதானா அது? உன் மூஞ்சிய இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அவளுக்கு வசவு மறந்து போயிற்று.

"இந்தாண்ட பாக்காதக்கா. திரும்பிக்கோ. உன் முதுகு தெரிஞ்சா, முன்னாடி ஜனம் இருக்குதுன்னு நெனச்சுக்குவோம்."

"காலியாக் கெடக்குது. கண்ணு தெரியல?"

"தெரியும்க்கா."

ரெஃபரி விசிலடித்தார். அவன் பந்தை எறிந்துவிட்டு ஓடினான்.

அவள் கொஞ்ச நேரம் அவன் ஓடுவதைப் பார்த்தாள். நொண்டிக்கொண்டுதான் ஓடினான். அழுகை வந்தது. அந்த அழுகை மேலேயும் கோபம் வந்தது.

திரும்பிக்கொண்டாள். நீல நாற்காலிகளைப் பார்த்து இரண்டு விசில் கொடுத்தாள். வண்டி கிளம்பலாம் என்கிற விசில். வேறு எப்படி ஊதுவதென்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு.

படியேறி வந்தார் டீ விற்கும் மஸ்தான் பாய். ஒன்பது ஆட்டமும் வந்தவர், ஒன்றையும் பார்க்காதவர். விற்காத கேனை இறக்கி வைத்துவிட்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். ஒரு பேப்பர் கப்பில் தனக்கே டீ பிடித்துக்கொண்டார். காது வலிக்கிறது என்பதுபோல அவளைப் பார்த்து முகம் சுளித்தார்.

அவள் நிறுத்தவில்லை.

வாய்க்குப் போன கப் பாதியில் நின்றது. பாயின் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போயிற்று. டீ சட்டையில் சிந்துவது அவருக்குத் தெரியவில்லை.

அவள் ஊதிக்கொண்டே அந்த முகத்தைப் படித்தாள்.

பாய் எழுந்து நின்றார்.