ஒற்றைக்கண் வண்டி

அடி அண்ணாமலையில் பொழுது சாய்கிறது, மலை கறுத்துவிட்டது. வீட்டு வாசலைப் பார்த்து நிற்கும் பழைய அம்பாசிடர் டாக்ஸிக்கு முன்னால் அருணகிரி குந்தியிருக்கிறான். வலப்பக்க விளக்கு எரிந்து மூன்று மாதம் ஆகிறது. நேற்று கீழ்பென்னாத்தூர் சாலையில் எதிரே வந்த லாரிக்காரன் இவனை மோட்டார் சைக்கிள் என்று நினைத்து உரசப் பார்த்தான். அதனால்தான் இன்று இந்த இரண்டு வகைப் பல்புகள். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். கழற்றிய வளையமும் திருகாணிகளும் அவன் மனைவி ரேணுகாம்பாளின் முந்தானையில் இருக்கின்றன. முதல் பல்பைப் பொருத்தி ஸ்விட்சைப் போடுகிறான். சுவரில் இரண்டு வெள்ளை வட்டங்கள், அச்சாக ஒன்றுபோல. அவள் முகம் வாடுகிறது.

“இன்னா ஆச்சு?”

“தூரத்துல ஒத்தக் கண்ணு வந்தா நீங்கதான்னு தோசக்கல்ல அடுப்புல வைப்பேன். இனிமே எப்படித் தெரியும்?”

அவன் சூடேறிய பல்பைத் துண்டால் பிடித்துக் கழற்றிவிட்டு மற்றதை மாட்டுகிறான். சுவரில் இப்போது ஒரு வட்டம் வெள்ளை, ஒரு வட்டம் பூசணிப்பூ நிறம்.

“ஜோடி சேரலையே?”

“சேர வேணாம். வாசப்படியில போய் நில்லு.”

அவள் போய் நிற்கிறாள். முந்தானையில் திருகாணிகள் குலுங்குகின்றன. கண்ணுக்கு மேல் கை வைத்து, தினமும் பார்ப்பதுபோலவே பார்க்கிறாள்.

“வந்துட்டீங்களா?” என்கிறாள்.

எங்கும் போகாதவன், “வந்துட்டேன்” என்கிறான்.