ஒரு மாத்திரை கூடுதல்

புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமை காலையில் செப்டிக் டேங்க் வழக்கம்போலப் பேசியது.

"வணக்கம். கறிக்கொழுப்பு கலந்திருப்பதால், கிருமி நீக்க இன்று ஒரு குளோரின் மாத்திரை கூடுதலாகப் போடவும்."

வீட்டில் இருப்பது திருவேங்கடமும் மனைவி லோகநாயகியும் மட்டும்தான்.

"பெருமாள் மாசத்துல கறி தின்னுட்டு வந்திருக்கீங்களே, வெக்கமா இல்ல?" என்று அடுப்படியிலிருந்து லோகநாயகி ஆரம்பித்தாள்.

"டேங்க்குக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. நேத்து ஆபீஸ்ல நான் தின்னது தயிர்சாதம்."

"டேங்க் எதுக்குப் பொய் சொல்லணும்? நெத்தியில நாமம், வயித்துல பிரியாணி."

பிரியாணி என்று எப்படிக் கண்டுபிடித்தாள் என்று வியந்தபடி, அவர் மாத்திரை டப்பாவோடு கொல்லைக்குப் போனார். அவள் திட்டு பின்னாலேயே வந்தது. டப்பா மூடியில் அளவு அச்சடித்திருந்தது: 'கறி சாப்பிட்டவர் ஒருவருக்கு அரை மாத்திரை கூடுதல்.'

அதை இரண்டு தடவை படித்தார். பிறகு ஒரு மாத்திரையை உடைத்து, பாதியை மட்டும் டேங்க்குக்குள் போட்டார்.

"நன்றி," என்றது டேங்க் உரக்க. "இன்னொருவருக்கான அரை மாத்திரை பாக்கி."

அடுப்படியில் திட்டு நின்றது.

"அதையும் போட்டுட்டு வாங்க," என்றாள் லோகநாயகி. "பொங்கல் ஆறுது."