இன்னும் மாட்டாத சுவிட்ச்

அவனியாபுரத்தில் பெயிண்ட் தின்னர் நிரப்பும் கொட்டகைக்குச் சுவிட்சுகளைத் தேர்ந்தெடுத்தவள் பொறியாளர் ஸ்ரீவர்ஷினி. காற்றில் தின்னர் ஆவி நிற்கும் இடத்தில் ஒரு பொறி போதும், கொட்டகையே போய்விடும். அதனால் பொறியை உள்ளேயே அடக்கிவிடும் கனத்த உலோகக் கூடு போட்டவையாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருந்தாள்.

புதியவை வந்திறங்கிய காலையில், கழற்றிய பழைய சுவிட்சுகளை எலக்ட்ரீசியன் சோணைமுத்து வெளிமுற்றத்தில் சாக்கிலிருந்து கொட்டினார்.

"பதினாலுதான் கழட்டுனேன் மேடம். பதினஞ்சு கெடக்கு."

பதினைந்தாவது பழையது அல்ல. அவள் தேர்ந்தெடுத்த அதே ரகம். கூடு வெடித்துப் பிளந்து கருகிப்போயிருந்தது. அடியில் பொறித்திருந்த, ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனித்தனியான வரிசை எண்ணை மட்டும் படிக்க முடிந்தது: 40718.

"புதுப் பெட்டியப் பிரிச்சீங்களாண்ணே?"

"சீலே ஒடைக்கலையே மேடம்."

அவளே பிரித்தாள். மூன்றாவதாகக் கையில் வந்த சுவிட்சில் அதே எண் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தது. அதைப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடினாள்.

"ஒண்ணையும் மாட்ட வேணாம்ணே. அம்புட்டையும் திருப்பி அனுப்பிருவோம்."

தலையாட்டியபடி கருகியதை எடுக்கக் குனிந்த சோணைமுத்து, வெடுக்கென்று கையை உதறினார்.

"இன்னும் சுடுது மேடம்."