பத்து நாள் லீவு, ஒரே ஒரு ‘ஒய்’

“எழுந்திரும்மா. இனிமே சர்வரை நானே பாத்துக்கறேன்.”

மேலாளர் சொன்ன வேகத்தில் சர்வரக்கா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். அந்த பஸ் டிக்கெட் பதிவு நிறுவனத்தில் சர்வரைக் கட்டி மேய்ப்பது அவள் ஒருத்திதான்; அதனால் ஆபீசே அவளுக்கு வைத்த பெயர் அது.

“சார், நான் கேட்டது பத்து நாள் லீவுதானே? தங்கச்சிக்கு இந்த வாரம் பிரசவம். என்னை விட்டா அவளுக்கு யாருமில்லை சார்.”

“நீ போயிட்டா யாரு பாக்கறதுன்னுதானே மூணு தடவை முடியாதுன்னேன்? இப்போ நானே கத்துக்கிட்டேன். லீவு எதுக்கு, மொத்தமாவே போயிடேன்.”

அவர் கற்றுக்கொண்டது முந்தாநாள், ஒரு மணி நேர வீடியோவில். பிள்ளை பிறக்கப்போகும் நேரத்தில் வேலையும் போனால் எப்படி?

“சார், ஒரு நிமிஷம். இப்போ திறந்திருக்கறது...”

“தெரியும், தெரியும்! உன் வேலை லட்சணத்தைத்தான் தினம் பாக்கறேனே. ஒரே அப்டேட்டைக் காலையில ஒரு தடவை போடறே, சாயங்காலம் இன்னொரு தடவை போடறே. வெட்டி வேலை!”

அவள் சரியென்று ஓரமாக நகர்ந்து நின்றாள்.

மேலாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கறுப்புத் திரையில் ஓடிய பட்டியலை ஆராய்ந்தார். “இடமில்லை, இடமில்லைன்னு புலம்புவியே, வேண்டாததைத் தூக்கினா இடம் தன்னால வருது. இதென்ன, பைத்தானா? பாம்பெல்லாம் நமக்கெதுக்கு?” ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டி, அதை நீக்கச் சொன்னார்.

இதை எடுத்தால் இதை நம்பியிருக்கும் இருநூற்றுச் சொச்சம் மென்பொருள்களும் சேர்ந்து போகும், சம்மதமா என்று ஒவ்வொன்றின் பெயரையும் போட்டுக் கேட்டது திரை. அதையெல்லாம் அவர் எங்கே படித்தார்? ‘எஸ்’ஸுக்கான ‘ஒய்’யை அமுக்கினார்.

அவ்வளவுதான். பெயர்கள் மளமளவென்று ஓடி மறைந்தன. அதன்பிறகு எதைத் தட்டினாலும் ‘அப்படி ஒன்று இல்லை’ என்றே பதில் வந்தது.

மேலாளருக்கு வேர்த்துக் கொட்டியது. “ஐயையோ, முதலாளி என் தோலை உரிச்சுடுவாரே!” டிக்கெட் தளத்தைத் திறந்து பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை. “ஏம்மா, ஏதாவது பண்ணும்மா! உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்.”

சர்வரக்கா நிதானமாகக் கைப்பையைத் தோளில் மாட்டினாள். “நான்தான் மொத்தமா போறேனே சார்.”

“அட, அது விளையாட்டுக்குச் சொன்னதும்மா! பத்து நாள் என்ன, பதினஞ்சு நாளே எடுத்துக்க. சம்பளத்தோட!” தாளைத் தேடிப்பிடித்து எழுதி, கையெழுத்தும் போட்டு நீட்டினார்.

அவள் அதை ஒரு வரி விடாமல் படித்து, மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு உட்கார்ந்து, நேற்று எடுத்து வைத்த நகலிலிருந்து எல்லாவற்றையும் மீட்டெடுக்க இருபது நிமிடம் ஆனது. அதுவரை மேலாளர் பக்கத்திலேயே மூச்சுவிடாமல் நின்றார்.

“முடிஞ்சுது சார். நான் கிளம்பறேன்.”

“மகராசியா போயிட்டு வாம்மா!”

வாசலுக்கு வந்ததும் தங்கைக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை பதறிப்போனாள். “ஐயோ அக்கா, எனக்காக லீவு வாங்கறேன்னு இப்படியா? பாவம், அந்த இருபது நிமிஷம் யாருமே டிக்கெட் போட்டிருக்க முடியாதே!”

சர்வரக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“ஏன்டி முடியாது? அவர் காலி பண்ணினது, அப்டேட்டை நான் முதல்ல போட்டுப் பாக்கற ஒத்திகை சர்வர்டி!”