பதினெட்டு இழை

ஏழா, எட்டா?

பலகையில் அடித்திருந்த இரண்டு முளைகளைச் சுற்றி நூலை ஓட்டிக்கொண்டிருந்தேன். வில்லுக்கு நாண் கட்டுவது எனக்குப் புதிதில்லை. இன்று எண்ணிக்கைதான் நழுவிக்கொண்டே இருந்தது.

எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"பதினெட்டு இழைதானே போடுற?" பக்கத்து அறையிலிருந்து கேட்டார் என் வீட்டுக்காரர்.

"பதினெட்டேதான்."

அதில் பொய் இல்லை. பொய் வில்லில் இருந்தது.

அவருடைய வில்லை இழுக்க எண்பது பவுண்டு பலம் வேண்டும். வில்வித்தை மைதானத்தில் அவரை விட்டால் அதை முழுசாக இழுக்க ஆளில்லை. அந்தக் கர்வத்தைப் பார்த்துத்தான் நானும் கழுத்தை நீட்டினேன், வேறென்ன.

தோள்பட்டைத் தசை கிழிந்து ஆபரேஷன் ஆனபிறகு, இந்த வில்லை இழுக்க முடியவில்லை என்றால் இனி எந்த வில்லையும் தொடமாட்டேன் என்றுவிட்டார். மனுஷன் சொன்னால் செய்துவிடுவார். சிகரெட்டை அப்படித்தான் விட்டார். சொந்தத் தம்பியோடு பேச்சையும் அப்படித்தான் விட்டார். கை கட்டுப்போட்டிருந்த மாதங்களில் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தவள். ஆயுசு முழுக்க அதைப் பார்க்க என்னால் ஆகாது.

அதனால் வில் செய்கிற என் அண்ணனிடம் ஓடினேன். பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று வாங்கிப்போய், மரத்தைச் சீவிச் சீவி ஐம்பத்தைந்துக்கு இறக்கிவிட்டான். கைப்பிடிக்கு மேலே எழுதியிருந்த எண்பதை மட்டும் தொடவில்லை.

இப்போது நாண் காட்டிக்கொடுத்துவிடும் போலிருந்தது. ஐம்பத்தைந்துக்குப் பன்னிரண்டு இழையே தாராளம். ஆனால் பன்னிரண்டைக் கண்டால், எண்பதுக்கு இது எப்படித் தாங்கும், அறுந்து மூஞ்சியில் அடிக்கவா என்று குதிப்பார். கேட்டபடி பதினெட்டு போட்டால் நாண் கனத்துவிடும். பலம் குறைந்த வில்லில் அம்பு பாதி வழியிலேயே படுத்துவிடும். நாளைக்கு மைதானத்தில் நாலு பேர் முன்னால் குட்டு உடையும்.

ஆகவே மெல்லிசு நூலில் பதினெட்டு. அம்பு மாட்டுகிற இடத்தில் மட்டும் மேலே நூல் சுற்றித் தடிமன் காட்டினேன்.

மெழுகு தேய்த்து முடிப்பதற்குள் வந்து நின்றுவிட்டார். நாணை வாங்கி வில்லில் ஏற்றினார். ஜன்னல் பக்கம் திரும்பி, அம்பில்லாமல் இழுத்துப் பார்த்தார்.

கன்னம்வரை வரவேண்டிய கை நெஞ்சுக்கு நேரே நின்றது. அதற்குமேல் நகரவில்லை.

ஐம்பத்தைந்துகூடவா முடியவில்லை? எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

நாணை விட்டுவிடாமல், மெல்ல மெல்லத் தளர்த்தினார். வில்லைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"மச்சான்கிட்ட கொடு. இன்னும் கொஞ்சம் சீவட்டும்."