சாயப்பட்டறையில் சோதனை

"பூபாலா, போர்டு மேடம் வந்துட்டாங்க கண்ணு!"

சாயப்பட்டறை முதலாளி பெருமாள்சாமி வேட்டியை மடித்துக் கட்டியபடி கழிவுநீர்த் தொட்டிகள் பக்கம் ஓடி வந்தார்.

பனியன் துணிக்குச் சாயம் போட்ட தண்ணீர் முழுவதும் அங்கே வந்து, சுத்தமாகி, மறுபடியும் சாயம் போடவே திரும்பிப் போகும். ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் பூபாலன் வேலை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துப் பெண் அதிகாரி ஒருவர் போன வாரம் திடீரென்று வந்து, பக்கத்துப் பட்டறைக்குச் சீல் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"எது கேட்டாலும் மறைக்காம சொல்லிப்போடு. பொய் சொன்னாத்தான் அந்தம்மாவுக்குக் கோவம் வருதாமா."

அதற்குள் கஞ்சி போட்ட காட்டன் சேலையும் கறுப்புக் கைப்பையுமாக ஓர் அம்மாள் உள்ளே வந்துவிட்டார்.

"இங்க பூபாலன்ங்கிறது?"

"நானுங்க மேடம்."

பெயரைக்கூட விசாரித்து வைத்திருக்கிறார்களே என்று பூபாலன் அவசரமாகச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டான்.

"சொல்லாம கொள்ளாம வந்துட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

"சொல்லாம வர்றதுதானுங்களே முறை!" என்று பெரிய கும்பிடாகப் போட்டார் பெருமாள்சாமி.

அந்த அம்மாள் தொட்டியை ஒரு பார்வை, பூபாலனை ஒரு பார்வை பார்த்தார்.

"பார்க்க நல்லாத்தான் இருக்குது. உள்ளுக்குள்ள ஏதாச்சும் கோளாறு இருக்குதுங்களா தம்பி? இப்பவே சொல்லிட்டா நல்லது."

"பெருசா ஒண்ணுமில்லீங்க மேடம். வெயில் காலத்துல மட்டும் கொஞ்சம் நாத்தம் எடுக்கும். மருந்து போட்டா அடங்கிக்கும்."

அவர் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"குடிக்கிறதுண்டா?"

சுத்தம் செய்த தண்ணீரைப் பற்றி, தெரிந்த கேள்வி வந்ததும் பூபாலனுக்கு உயிர் வந்தது.

"தினமும் குடிக்கறனுங்க மேடம்! காத்தால வந்ததும் ஒரு டம்ளர், சாயங்காலம் போறப்ப ஒரு டம்ளர்!"

"நானும் இவனும் சேர்ந்துதானுங்க குடிப்போம்," என்றார் பெருமாள்சாமி பெருமையாக. "துணி வாங்க ஃபாரின் பையர் வந்தா அவங்களுக்கும் ஊத்திக் குடுப்போமுங்க!"

அந்த அம்மாளின் முகம் வெளுத்தது.

"வேற எங்கயாச்சும்... கனெக்‌ஷன்?"

வெளியே தண்ணீர் விடும் திருட்டுக் குழாயைத்தான் கேட்கிறார் என்று பூபாலன் முதலாளியைப் பார்த்தான். சொல், சொல் என்று அவர் தலையை ஆட்டினார்.

"முன்னால மூணு இருந்துச்சுங்க. போன வருசமே எல்லாத்தையும் கட் பண்ணிட்டனுங்க."

"இனி புதுசா ஒண்ணு வராம நான் பார்த்துக்கறனுங்க மேடம். நீங்க என்னைய நம்பலாம்," என்றார் பெருமாள்சாமி.

பெருமாள்சாமி நீட்டிய இளநீரைக்கூட அந்த அம்மாள் தொடவில்லை. "யோசிச்சுச் சொல்றோமுங்க," என்று மட்டும் சொல்லிக் காரில் ஏறிப் போய்விட்டார்.

பட்டறையை மூடினால் அத்தனை பேரும் தன்னைத்தான் திட்டுவார்கள் என்று பூபாலன் பயந்தான்.

"எதையும் எழுதிக்கவே இல்லையே! பாஸாயிட்டோம் கண்ணு!" என்று பெருமாள்சாமி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்துப் பூபாலனின் அம்மா வேலாத்தாள் போனில் கூப்பிட்டாள். மோட்டார் சத்தத்தில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏங்கண்ணு, உடுமலைல இருந்து பொண்ணோட அம்மா உன்னைய நேர்ல பார்க்க வந்தாங்களாமா? குடிக்கிறது, மூணு புள்ளைககூடப் பழகுனது, மேல நாத்தம் வர்றதுன்னு ஒண்ணு உடாம சொல்லிட்டயாமா! இப்படி மறைக்காத மாப்பிள்ளை கெடைக்காதாம், பொண்ணு குடுக்கறோம்ங்கறாங்க. ஆனா மொதல்ல, அந்தக் குடிகார மொதலாளிகிட்ட இருந்து வேலையை உட்டுப்போட்டு வரணுமாமா!"