குளிரில் ஒரு பங்கு

அந்த அடுக்ககத்தில் மின்தட்டுப்பாட்டால் மாடிக்கு ஒன்றாக விடப்பட்டிருந்த பொதுக் குளிர்பெட்டியில் மருந்தைத் தவிர வேறெதையும் யாரும் வைப்பதில்லை. அப்படியொரு விதி எங்கும் எழுதப்படவில்லை. வெயிலே அதைக் கற்றுக்கொடுத்திருந்தது.

தெய்வானை மருந்தென்று சீட்டு ஒட்டி அதில் வைத்திருந்த பொட்டலத்தை எதிர்வீட்டுப் பாக்கியம் பிரித்துப் பார்த்துவிட்டாள்.

“என்னக்கா, வெங்காயத்துக்குக் காய்ச்சலா?”

“வெங்காயமில்லடி, ஹயசிந்த்ங்கிற வாசனைப் பூவோட கிழங்கு. குளிர்ல கிடந்தாத்தான் மொட்டு விடும். கண்ணு போனதிலேருந்து எங்க வீட்டுக்காரருக்கு எல்லா மாசமும் ஒண்ணுதான். பங்குனி வந்துடுச்சுன்னு மூக்காவது சொல்லட்டுமே.”

“எடுத்துடுக்கா. நான் மூச்சு விடமாட்டேன்.”

இப்போது எடுத்தால் அது பூக்காது. பொட்டலத்தை வாங்கிய தெய்வானை, மருந்தெடுக்க வந்து நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சீட்டைக் கிழித்துப்போட்டாள். கிழங்கை உறையில்லாமலே, எல்லார் கண்ணிலும் படும்படி மேல்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.